பேசுகிற கார்டும் அத்தையின் பிரிண்டரும்

இப்போதெல்லாம் வீட்டுக்குப் புதுப் பிரிண்டர் வந்தால் என்ன செய்கிறோம்? வயரைச் செருகுகிறோம், ஓடுகிறது. ஓடாவிட்டால் காலேஜ் போகிற பிள்ளையைக் கூப்பிட்டுத் திட்டுகிறோம். என் வயதுக்காரர்களே, கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு அதையே வீடெல்லாம் தேடுகிறவர்களே, கொஞ்சம் பின்னால் போய்ப் பாருங்கள். தொண்ணூறுகளில் ஒரு கம்ப்யூட்டருக்குள் புதிதாக ஒரு கார்டைச் செருகுவது, கூட்டுக் குடும்பத்துக்குள் புது மருமகள் வருவது மாதிரி. வந்தவளும் நல்லவள்தான், இருப்பவர்களும் நல்லவர்கள்தான். ஆனால் மறுநாள் காலையிலிருந்து வீட்டில் எதுவும் ஓடாது.

எங்கள் வீட்டில் அது நடந்தது ஒரு தசரா லீவில். மைசூரில் ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்தோம். அப்பா, அம்மா, நான், அப்பாவின் தங்கையான என் அத்தை. அப்பா கூட்ஸ் வண்டி ஓட்டுகிற டிரைவர். அந்த வருஷம்தான் அவருடைய கண்ணில் ஏதோ நரம்புக் கோளாறு என்று சொல்லி, இனிமேல் வண்டி ஓட்டக் கூடாது என்று மெடிக்கல் பரிசோதனையில் நிறுத்திவிட்டார்கள். நடப்பார், சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கடைக்குப் போவார், தூரத்தில் சாமுண்டி மலையில் விளக்கு எரிவதைச் சொல்வார். ஆனால் எதை நேராகப் பார்த்தாலும் நடுவில் ஒரு புகை. எதிரில் நிற்பவரின் காது தெரியும், முகம் தெரியாது. பூதக்கண்ணாடி வைத்து நாலு வரி படித்தால் தலையைப் பிடித்துக்கொண்டு படுத்துவிடுவார்.

வண்டி ஓட்ட முடியாதவருக்கு வேறு வேலை கொடுப்பார்கள். என்ன வேலை என்பதுதான் கேள்வி. புதிதாக வருகிற டிரைவர்களுக்கு விதிகளைச் சொல்லிக்கொடுக்க ஒரு ஆள் தேவைப்பட்டது. அதற்கு வாய்மொழித் தேர்வு ஒன்று உண்டு, தசரா முடிந்த கையோடு. தேறினால் பயிற்றுநர். தேறாவிட்டால் கிடங்கில் மூட்டையைத் தூக்கி அடுக்குகிற வேலை. விதிகள் எல்லாம் அப்பாவின் கை கால்களுக்குத் தெரியும். எந்த சிக்னலுக்கு எங்கே பிரேக் போடுவது என்று கேட்டால் அவர் வலது கை தானாக அசையும். ஆனால் தேர்வு இங்கிலீஷில். புத்தகத்தில் இருக்கிற வாசகத்தை அப்படியே சொல்ல வேண்டும்.

நான் படித்துக் காட்டினேன். இரண்டு நாள் கேட்டார். மூன்றாம் நாள், "போதும் கண்ணு, நீ போய் விளையாடு" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். என் உச்சரிப்பு பிடிக்கவில்லை என்று நினைத்து நான் கோபித்துக்கொண்டேன். பெற்ற மகள் எதிரில் உட்கார்ந்து கொண்டு, அவர் பல வருஷம் ஓட்டிய வண்டியின் விதிகளை அவருக்கே வாசித்துக் காட்டுவதை ஒரு மனிதனால் எத்தனை நாள் தாங்க முடியும் என்று இந்த வயதில்தான் புரிகிறது.

வீட்டின் நடு அறையில் அத்தையின் கம்ப்யூட்டர் இருந்தது. அத்தை கல்யாணம் செய்துகொள்ளவில்லை. யூனிவர்சிட்டி ஆராய்ச்சி மாணவர்களுக்கு ஆய்வேடு டைப் அடித்து, பிரிண்ட் எடுத்துக் கொடுப்பாள். டாட் மேட்ரிக்ஸ் என்கிற அந்த ஊசி பிரிண்டரின் சத்தம் உங்களுக்கு ஞாபகம் இருக்கிறதா? பக்கத்து வீட்டில் தகரத்தை ரம்பத்தால் அறுக்கிற மாதிரி. ஓரத்தில் ஓட்டை ஓட்டையாக இருக்கிற காகிதப் பட்டையைக் கிழித்து நான் வளையல் செய்துகொள்வேன். ரிப்பன் மையின் வாசனை, சூடான தூசி வாசனை, அத்தை தலையில் வைத்திருக்கும் மைசூர் மல்லிகை, மூன்றும் சேர்ந்ததுதான் அந்த அறை. அத்தை தைத்துப் போட்ட பூப்போட்ட துணி உறை மானிட்டருக்கு இருந்தது. அந்த உறை எங்கே போனதோ தெரியவில்லை, இப்போது கிடைத்தால் நான் பத்திரமாக வைத்துக்கொள்வேன்.

கம்ப்யூட்டர் பேசும் என்று கண்டுபிடித்துக்கொண்டு வந்தது அத்தைதான். சவுண்ட் கார்டு ஒன்றைச் செருகிவிட்டால், நாம் அடித்து வைத்த இங்கிலீஷை அது வாய்விட்டு வாசிக்கும். மண்டி மொஹல்லா சந்தில் பழைய சாமான் கடையில் யாரோ கழற்றிப் போட்ட கார்டு ஒன்றை, டிஸ்க்கோடு சேர்த்து வாங்கிக்கொண்டு வந்தாள். விதிப் புத்தகம் முழுவதையும் மத்தியான நேரங்களில் உட்கார்ந்து டைப் அடித்தாள். முதல் நாள் அது பேசியபோது எல்லோரும் சுற்றி நின்றோம். மூக்கடைத்த அமெரிக்காக்காரன் ஒருவன் கிணற்றுக்குள் இருந்து பேசுகிற குரல். நினைத்த இடத்தில் நிறுத்தும், நினைத்த இடத்தில் தொடங்கும். அப்பா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு தலையைச் சாய்த்துக் கேட்டார். அது அவரைப் பார்த்துப் பரிதாபப்படவில்லை. ஒரே வரியைப் பத்து தடவை கேட்டாலும் சலித்துக்கொள்ளவில்லை. அன்று ராத்திரி அவர் நன்றாகச் சாப்பிட்டார்.

மறுநாள் அத்தை பிரிண்ட் எடுக்க உட்கார்ந்தாள். பாதிப் பக்கத்தில் பிரிண்டர் நின்றது. திரும்ப ஓட விட்டால் ஏதோ கிறுக்கித் தள்ளியது. சரி என்று பிரிண்டரை விட்டுவிட்டு அப்பாவுக்காகப் பேச வைத்தால், "சிக் சிக் சிக் சிக்" என்று ஒரே எழுத்தில் மாட்டிக்கொண்டு கத்தியது. கார்டைக் கழற்றினால் பிரிண்டர் ஓடுகிறது. பிரிண்டரை எடுத்துவிட்டால் கார்டு பேசுகிறது. சேர்த்து வைத்தால் இரண்டும் இல்லை.

இப்படி ஒரு சிக்கல் வந்தால் எங்கள் வீட்டில் என்ன செய்வார்கள் தெரியுமா? விட்டுக்கொடுப்பார்கள். அப்பா வழியில் அது பரம்பரைச் சொத்து. கடைசித் தோசையை யாரும் தொட மாட்டார்கள், அது காய்ந்து வறண்டு மறுநாள் மாட்டுக்குப் போகும். பஸ்ஸில் ஒரு சீட் காலியானால், "நீங்க உக்காருங்க, நீங்க உக்காருங்க" என்று இருவரும் நின்றுகொண்டே ஊர் வந்து சேர்வார்கள்.

"கார்ட எடுத்துடும்மா. உன் பொழப்பு முக்கியம்" என்றார் அப்பா.

"பேடா அண்ணா, வேணாம். பிரிண்டர நான் எடுத்துடறேன். டைப்பிங் இன்ஸ்டிடியூட்ல போய் வேலை பாத்துக்கறேன். உன் பரீட்சை முக்கியம்" என்றாள் அத்தை.

"எனக்கு மூட்டை தூக்க ஒடம்புல தெம்பு இருக்கு."

"எனக்கு மட்டும் இல்லையா?"

இப்படியே இரண்டு பேரும் யார் அதிகம் நஷ்டப்படுவது என்று போட்டி போட்டார்கள். சிறுபிள்ளையாக நான் அதைப் பார்த்து உருகினேன். எவ்வளவு நல்லவர்கள் என்று. நல்லவர்கள்தான், சந்தேகமே இல்லை. ஆனால் அந்தப் பெட்டிக்குள் என்னதான் நடக்கிறது என்று பார்க்க இரண்டு பேருக்கும் தோன்றவில்லை பாருங்கள்.

அம்மா சமையலறை வாசலில் கரண்டியோடு நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அம்மா கொள்ளேகாலத்துக்காரி. மைசூருக்கு வந்து எத்தனையோ வருஷம் ஆகியும் கொங்குப் பேச்சு மாறவில்லை. அப்பா வீட்டு மனுஷர்கள் அவளுக்கு வைத்த பெயர் பிடிவாதக்காரி.

"எதுக்குங்க ஒன்ன எடுக்கோணும்?" என்றாள். "ரெண்டும் ஒட்டுக்கா ஓடோணும்."

சர்வீஸ்காரர் ஒருவரைக் கூப்பிட்டார்கள். வந்தவர் தங்கமான மனிதர், கன்னடக்காரர். கவரைக் கழற்றிப் பார்த்துவிட்டு, "அக்கா, எரடூ ஒந்தே நம்பர் கேள்தாவெ" என்றார். இரண்டும் ஒரே நம்பரைக் கேட்கின்றன. பெட்டிக்குள் ஒவ்வொரு சாமானுக்கும் கூப்பிடுகிற மணி ஒன்று உண்டாம். முன்வாசலுக்கும் பின்வாசலுக்கும் ஒரே மணியை வைத்தால் வீட்டுக்காரி எந்தக் கதவைத் திறப்பாள்? அப்படித்தான் கம்ப்யூட்டர் திகைத்து நிற்கிறதாம். கார்டில் குட்டியாக ஒரு தொப்பி இருக்கிறது, அதைப் பிடுங்கி வேறு நம்பரில் மாட்டிப் பார்க்கலாம், ஆனால் பழைய கார்டு, கெட்டுப்போனால் தன்னைக் கேட்கக் கூடாது, கம்ப்யூட்டரே போனாலும் போகும் என்றும் சொன்னார். கம்ப்யூட்டரே போகும் என்றதும் அப்பா பதறிப்போய், "வேணாம் சார், வேணாம். அது என் தங்கச்சி சோறு" என்று காபி கொடுத்து அனுப்பிவிட்டார்.

அதற்குள் தசரா ஊர்வலம் பார்க்கப் பெரியப்பா வந்துவிட்டார். வீடு நிறைய பெட்டியும் படுக்கையும். விஷயத்தைக் கேட்டுவிட்டு வெற்றிலையை மடித்துக்கொண்டே தீர்ப்புச் சொன்னார்.

"அம்மாடி, விட்டுக்கொடுத்தவங்க கெட்டுப்போனதில்ல. அண்ணனும் தங்கச்சியும் எவ்வளவு ஒத்துமையா பேசிக்கிறாங்க. நீ எதுக்கு நடுவுல கட்டைய போடற?"

"கெட்டுப்போவ வேண்டாமுங்க மாமா. நல்லா இருக்கட்டும்னுதான் பாக்கறேன்" என்றாள் அம்மா, குரலை உயர்த்தாமல். பெரியப்பா என்னைப் பார்த்து, "உங்கம்மா மாதிரி வராதே" என்றார். நான் தலையாட்டினேன். என்ன செய்ய, எனக்கு அவர் பலூன் வாங்கித் தருவதாகச் சொல்லியிருந்தார்.

ஊர்வலத்தன்று எல்லோரும் கிளம்பினார்கள். அம்மா வரவில்லை என்றாள். அத்தையையும் போக விடவில்லை. எனக்குக் காய்ச்சல் அடித்ததால் நானும் வீட்டில். ஊரே யானையைப் பார்க்கப் போயிருந்த அந்த மத்தியானம் அம்மா கதவைச் சாத்திவிட்டு, அத்தையைப் பார்த்து, "பெட்டியத் தெறக்கட்டா?" என்றாள்.

அத்தையின் முகம் வெளுத்துப்போனது. "அண்ணி, கெட்டுப்போச்சுன்னா எனக்கு வேற கதி இல்ல."

"தெரியும். நீ வேண்டாம்னா நான் தொடல. ஆனா உங்கண்ணன் மூட்டை தூக்கறத நீ பாத்துட்டு இருப்பியா?"

அத்தை மானிட்டரின் பூப்போட்ட உறையை மடித்து வைத்தாள். பிறகு அவளே போய் பிளக்கைப் பிடுங்கினாள்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் குவார்ட்டர்ஸில் அடிக்கடி பியூஸ் போகும். மற்ற வீட்டு ஆண்கள் கம்பியைத் தடிமனாகச் சுற்றிவிட்டுப் போய்விடுவார்கள். அம்மா அப்படியில்லை. எல்லா சுவிட்சையும் அணைப்பாள். பிறகு ஒவ்வொன்றாகப் போடுவாள். எதைப் போட்டதும் போகிறதோ அதுதான் திருடன். கம்ப்யூட்டரைப் பற்றி அவளுக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் இது அவளுக்குத் தெரியும். "ஒரு தடவைக்கு ஒன்னுதான் மாத்தோணும். மாத்தினா பாக்கோணும். ஆகலைன்னா இருந்த எடத்துலயே வெச்சுப்போடோணும்" என்றாள். அத்தை அவசரத்தில் இரண்டு வயரை ஒன்றாக இழுக்கப் போனபோது கையில் ஒரு தட்டுத் தட்டினாள்.

வளையலைக் கழற்றி வைத்துவிட்டு, கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, தண்ணீர்க் குழாயை ஒரு தடவை தொட்டுவிட்டு வந்து உட்கார்ந்தாள். குழாயைத் தொடச் சொன்னது சர்வீஸ்காரர், உடம்பில் ஒட்டியிருக்கிற மின்சாரம் அதில் இறங்கிவிடுமாம். அவர் பேச்சில் வேறு யாரும் கவனிக்காததை எல்லாம் அவள் பிடித்து வைத்திருந்தாள். கார்டில் வெள்ளை எழுத்தில் இரண்டு, ஐந்து, ஏழு, பத்து என்று போட்டிருந்தது. ஏழுக்கு எதிரே இருந்த இரண்டு ஊசிகளின் மேல் அரிசி அளவில் ஒரு கறுப்புத் தொப்பி. அத்தையின் புருவம் திருத்துகிற சாமணத்தால் அதைப் பிடித்து இழுத்தாள். வந்தது. வந்த வேகத்தில் துள்ளி எங்கேயோ போய் விழுந்தது.

மூன்று பேரும் தரையில் தவழ்ந்தோம். காய்ச்சல் என்றுகூடப் பார்க்காமல் என்னைக் கட்டிலுக்கடியில் அனுப்பினார்கள். கிடைக்கவில்லை. இன்று வரை கிடைக்கவில்லை. அத்தை அழ ஆரம்பித்தாள். அம்மா கார்டை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஓரத்தில் வேறொரு ஊசி ஜோடியின் மேல் அதே மாதிரி தொப்பி. பக்கத்தில் எழுதியிருந்ததை அத்தை படித்தாள். விளையாட்டுக்கு ஜாய்ஸ்டிக் மாட்டினால் அதற்கானது.

"நம்ம ஊட்டுல அது இருக்குதா?" என்று அம்மா என்னைக் கேட்டாள்.

இல்லை, ஆனால் பெரியப்பாவிடம் கேட்டு வாங்கலாம் என்று நான் மனக்கோட்டை கட்டியிருந்தேன். சொல்ல வாயெடுத்தேன். அம்மா அதற்குள் பிடுங்கிவிட்டாள்.

ஐந்தில் மாட்டினாள். போட்டுப் பார்த்தால் பிரிண்டர் ஓடுகிறது, நின்றுபோன பாதிப் பக்கம் முழுப் பக்கமாக வருகிறது. அத்தை கைதட்டப் போனாள். மவுஸைத் தொட்டால் திரையில் அம்பு அசையவில்லை. அத்தையின் மவுஸ் தனியாக ஒரு கார்டில் வந்தது, அதற்கு ஐந்து. ஒருவரை எழுப்பி உட்கார வைத்தால் இன்னொருவர் மடியில் போய் உட்கார்ந்துகொள்கிறார்.

"திரும்ப ஏழுலயே வெச்சிட்டு, அண்ணா சொன்னபடி கார்ட எடுத்துடலாம் அண்ணி."

"பத்து சும்மாதான இருக்குது" என்றாள் அம்மா.

பத்தில் மாட்டினாள். பிரிண்டர் ஓடியது. மவுஸ் ஓடியது. கார்டு பேசவில்லை. கிணற்றுக்குள் இருந்த அமெரிக்காக்காரன் செத்தே போனான் என்று நான் நினைத்தேன். அத்தை தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டாள். தெருவில் எங்கேயோ பட்டாளத்து பேண்டு சத்தம் லேசாகக் கேட்டது. அம்மா ரொம்ப நேரம் அந்தப் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கேட்டாள்:

"கார்டுகிட்ட சொல்லிப்போட்டோம், இனி உன் நம்பர் பத்துன்னு. கம்ப்யூட்டர்கிட்ட யாரு சொன்னா?"

அத்தை நிமிர்ந்தாள். சட்டென்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். கம்ப்யூட்டர் கண் விழித்ததும் முதலில் படிக்கிற கோப்பு ஒன்று உண்டு, அதைத் திறந்தாள். கார்டைப் பற்றிய வரியில் ஏழு என்றே இருந்தது. அதை அழித்துப் பத்து என்று அடித்தாள். அணைத்துப் போட்டாள்.

அப்பா ஊர்வலக் கூட்டத்திலிருந்து களைத்துப்போய்த் திரும்பி வந்து செருப்பைக் கழற்றும்போது, உள்ளே பிரிண்டர் தகரத்தை அறுத்துக்கொண்டிருந்தது. அதன் மேலே, நிறுத்தி நிறுத்தி, சிவப்பு விளக்குக்கு முன்னால் டிரைவர் என்ன செய்ய வேண்டும் என்பதை மூக்கடைத்த குரல் இங்கிலீஷில் சொல்லிக்கொண்டிருந்தது. இரண்டும் ஒரே நேரத்தில். அப்பா ஒரு காலில் செருப்போடு அப்படியே நின்றார். பெரியப்பா, "என்ன இரைச்சல் இது" என்று காதைப் பொத்திக்கொண்டார்.

நான் எத்தனையோ படித்தவர்களோடு வேலை பார்த்துவிட்டேன். மேஜைக்கு இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர், யாராவது ஒருவர் ஒதுங்கினால்தான் காரியம் நடக்கும் என்று முடிவு கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிற கூட்டங்களை நிறையப் பார்த்தாயிற்று. என் அம்மா அளவுக்குத் தைரியமாக, "இல்லை, இன்னும் ஒரு இடம் சும்மா இருக்கிறது, பார்க்கலாம்" என்று சொன்னவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். அந்த மத்தியானம் அவளை நான் அப்படியே சாமி மாதிரிப் பார்த்தேன். இப்போதும் அப்படித்தான் பார்க்கிறேன், இதில் எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை.

தேர்வு வந்தது. அத்தை அப்பாவின் சட்டையை இஸ்திரி போட்டுக் கொடுத்தாள். போனவர் சாயங்காலம் வரை வரவில்லை. அம்மா அன்று உப்புப் போடாமல் சாம்பார் வைத்தாள், யாரும் அவளிடம் சொல்லவில்லை. இருட்டுகிற நேரத்தில் அப்பா வந்து, சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு, நேராகச் சமையலறை வாசலில் போய் நின்றார்.

"என்ன ஆச்சுங்க?"

"கேட்டதுக்கெல்லாம் சொன்னேன். நம்ம மெஷின் நிறுத்தற எடத்துல எல்லாம் நானும் நிறுத்தி நிறுத்திச் சொல்லியிருக்கேன் போல. ஆபீசர் சிரிச்சிட்டார். இந்த இங்கிலீஷ யார்கிட்ட கத்துக்கிட்டீங்கன்னார்."

"கம்ப்யூட்டர்னு சொன்னியாண்ணா?" என்றாள் அத்தை.

"இல்ல. என் சம்சாரம்னு சொன்னேன்."

அம்மா அடுப்பை அணைத்தாள். "நான் எங்கீங்க கத்துக்குடுத்தேன்? எனக்கு இங்கிலீஷே வராதே."

"அப்ப அவங்களையும் கூட்டிட்டு வாங்க, புதுப் பசங்களுக்கு வகுப்பெடுக்கட்டும்னார். மொதல்ல நான் மட்டும் வரேன் சார்னேன். சரி, திங்கக்கிழமையே வந்துடுங்கன்னுட்டார்."

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். தோள் இரண்டும் குலுங்கின. சத்தம் வரவில்லை. அப்பா கழுத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்த்து, அந்தப் புகையைத் தாண்டிப் பார்க்க முயன்றார். முடியவில்லை. அத்தையிடம் மெதுவாகக் கேட்டார்.

"சிரிக்கிறாளா, அழறாளா?"

"எனக்கும் தெரியலண்ணா" என்றாள் அத்தை. "நீயே கிட்ட போய்ப் பாரு."